பிறந்த இடத்திற்குத் திரும்பும் ஒலிவாங்கி

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மேடை ஏறுகின்றவர்கள் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஒலிவாங்கியின் தலையில் விரலால் இரண்டு தட்டு தட்டி, 'ஃபூ, ஃபூ' என்று ஊதி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார்கள். ஒலிபெருக்கியில் சத்தம் வந்தால் மைக் நன்றாக இருக்கிறது; வராவிட்டால் கெட்டுவிட்டது. நம்மில் பலருக்கு ஒலிவாங்கியைப் பற்றிய அறிவு இந்த இரண்டு நிலைகளோடு முடிந்துவிடுகிறது.

ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் பயன்படும் உயர்தர ஒலிவாங்கிகளின் நிலை வேறு. அவற்றில் 'நன்றாக இருக்கிறது', 'கெட்டுவிட்டது' என்னும் இரண்டு நிலைகளுக்கும் இடையே நீண்ட தொலைவு உண்டு. அந்தத் தொலைவில் ஒலிவாங்கி பேசிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தன் பழைய குரலில் பேசாது. அத்தகைய ஒலிவாங்கியை அதைச் செய்த நிறுவனத்திற்கே அனுப்பிச் செப்பனிட்டுப் பெறுவது ஒலிப்பதிவுத் துறையில் நெடுநாளாக உள்ள வழக்கம். அது ஏன் தேவைப்படுகிறது, அங்கே என்ன செய்கிறார்கள், அனுப்புகிறவர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பவற்றைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை ஒலிவாங்கிகள்

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமே. அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுவதுதான் ஒலிவாங்கியின் வேலை. இதைச் செய்யும் முறைகளுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, நம் விழா மேடைகளில் பெரும்பாலும் காணப்படும் டைனமிக் வகை. காற்றின் அழுத்தத்தால் அசையும் ஒரு மெல்லிய சவ்வு. அதன் பின்புறம் ஒட்டிய கம்பிச்சுருள். அச்சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். சவ்வு அசைந்தால் சுருள் அசைகிறது. சுருள் காந்தப்புலத்தில் அசைந்தால் மின்சாரம் பிறக்கிறது. பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதியே இதன் அடிப்படை. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஸ்எம் 58 என்ற ஒலிவாங்கி இவ்வகையைச் சேர்ந்தது. உலகெங்கும் பாடகர்களின் கையில் காணப்படும் உருண்டைத் தலை கொண்ட மைக் அதுவே.

இரண்டாவது, கண்டென்சர் வகை. மின்தேக்கி என்று நாம் பாடத்தில் படித்ததே இங்கு ஒலிவாங்கியாகிறது. பொன் முலாம் பூசிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு ஒரு தட்டு. அதன் பின்னால் துளைகளிட்ட உலோகத் தகடு மற்றொரு தட்டு. இரண்டுக்கும் நடுவே சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளிதான் உண்டு. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறும்போது மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலியின் மின்வடிவம். சவ்வும் தகடும் சேர்ந்த இப்பகுதியைக் 'காப்ஸ்யூல்' என்பர். ஒலிவாங்கியின் இதயம் அதுவே. இன்றைய காப்ஸ்யூல்களில் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் அது பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இந்த வகையில் பெயர் பெற்றது ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம். ஜார்ஜ் நாய்மன் என்பவர் 1928இல் பெர்லின் நகரில் இதைத் தொடங்கினார். தொழிற்சாலையில் தொடர் உற்பத்தியாகச் செய்யப்பட்ட முதல் கண்டென்சர் ஒலிவாங்கி இவருடையதே. 1967இல் வந்த யூ 87 என்ற ஒலிவாங்கியும், 1986இல் வந்த அதன் திருத்திய வடிவமும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்புகழ் பெற்றவை. 1991இல் இந்நிறுவனம் சென்ஹைசர் நிறுவனத்தின் வசமாயிற்று.

இரு வகைகளின் நுட்ப வேறுபாட்டை ஓர் அளவு காட்டும். ஒரு பாஸ்கல் அழுத்தமுள்ள ஒலிக்கு எஸ்எம் 58 தருவது 1.85 மில்லிவோல்ட், திருத்திய யூ 87 தருவது 28 மில்லிவோல்ட். ஏறத்தாழப் பதினைந்து மடங்கு! மெல்லிய மூச்சையும் விடாமல் பிடிக்கும் கருவி, தன்மேல் படியும் மெல்லிய அழுக்கையும் தாங்காது என்பது இயல்புதானே?

மெல்ல வரும் பழுது

ஒருவர் பத்து ஆண்டுகள் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார் என்று கொள்வோம். அவர் மூச்சிலுள்ள ஈரம், தெறிக்கும் எச்சில், அறையின் தூசி, புகை ஆகிய அனைத்தும் சிறிது சிறிதாகச் சவ்வின்மேல் படிகின்றன. மின்னேற்றம் பெற்ற பரப்பு தூசியை இழுக்கும் என்பதை நாம் அறிவோம். கண்டென்சர் சவ்வு வேலை செய்யும்போதெல்லாம் மின்னேற்றம் பெற்றிருப்பதால் தூசிக்கு அது விருந்து.

இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, சவ்வின் எடை கூடுகிறது. எடை கூடிய சவ்வு வேகமாக அசைய மறுக்கும். ஆகவே உயர் அதிர்வெண்களின் தெளிவு குறைகிறது. குரலில் இருந்த பளிச்சென்ற தன்மை மங்குகிறது. மற்றொன்று, மின்கசிவு. கண்டென்சர் ஒலிவாங்கியின் உள்ளே நூறு கோடி ஓம் அளவிலான மின்தடைகள் உள்ளன. அத்தனை பெரிய தடைக்கு இணையாக, உப்பும் ஈரமும் கலந்த ஒரு மெல்லிய படலம் குறுக்கு வழி அமைத்துவிட்டால் மின்னேற்றம் கசியும். மழைக்காலத்தில் சில ஒலிவாங்கிகள் 'படபட' என்றும் 'கரகர' என்றும் ஓசை எழுப்புவது இதனால்தான். காய்ந்தபின் ஓசை நின்றுவிடும். பழுது நீங்கிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்வோம். அழுக்கு அங்கேயே இருக்கும். அடுத்த மழையில் மீண்டும் பேசும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மங்கல் ஒரே நாளில் வருவதில்லை. அன்றாடம் அதைக் கேட்கும் பொறியாளரின் செவி மங்கலுக்குப் பழகிவிடுகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய குரலை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிட எவராலும் இயலாது. அந்த ஒப்பீட்டைச் செய்ய அளவுகள் வேண்டும். அந்த அளவுகள் செய்தவரிடம் இருக்கின்றன. ஒலிவாங்கி பிறந்தபோது எப்படி ஒலித்திருக்க வேண்டும் என்பதை எண்களாகக் குறித்து வைத்திருப்பவர் அவரே. தயாரிப்பாளருக்கு அனுப்புவதன் முதற்பயன் இதுதான்.

அனுப்புமுன் ஆராய்தல்

ஓசை வரவில்லை என்றதும் ஒலிவாங்கியைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆய்வகத்தில் நாம் பின்பற்றும் முறையையே இங்கும் பின்பற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் கேபிளை மாற்றுக. பிறகு மிக்சரில் வேறோர் இணைப்பில் செருகுக. பிறகு அதே கேபிளில் வேறோர் ஒலிவாங்கியைப் பொருத்துக. மேடைகளில் 'மைக் கெட்டுவிட்டது' என்று சொல்லப்படும் நிகழ்ச்சிகள் பலவற்றில் அறுந்திருப்பது கேபிளின் முனையிலுள்ள பற்றாசே. 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கும் பெரும்பாலும் கேபிளின் உறைக்கம்பியோ நிலத்தொடர்போ காரணமாக இருக்கும்.

கண்டென்சர் வகைக்கு மற்றொரு சோதனையும் உண்டு. அதற்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் தர வேண்டும். 'பாண்டம் பவர்' எனப்படும் 48 வோல்ட் மின்னழுத்தம், ஒலியைக் கொண்டுவரும் அதே கேபிள் வழியாகச் செல்கிறது. இந்த 48 என்ற எண்ணுக்குச் சுவையான வரலாறு உண்டு. 1966இல் நாய்மன் நிறுவனம் டிரான்சிஸ்டர் ஒலிவாங்கிகளை நார்வே நாட்டு வானொலிக்குக் காட்டியபோது, அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே கூடங்களில் இருந்தது. அதையே பயன்படுத்திக் கொண்டார்கள். அந்த எண்ணே பிறகு உலகத் தரமாயிற்று. மிக்சரில் இந்த 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, ஒலிவாங்கியைப் பழுது என்று கடல் கடந்து அனுப்பினால் நகைப்புக்கு இடமாகும் அன்றோ?

கையில் செய்வதும் கைவைக்கக் கூடாததும்

எல்லாப் பழுதுகளுக்கும் தயாரிப்பாளரை நாட வேண்டியதில்லை. எஸ்எம் 58 போன்ற டைனமிக் ஒலிவாங்கியின் கம்பிவலைத் தலையைத் திருகிக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலர்த்திப் பொருத்தலாம். நசுங்கிய வலையை மாற்றலாம். அதன் உட்பகுதியான கார்ட்ரிட்ஜையே ஷூர் நிறுவனம் தனி உதிரிப்பொருளாக விற்கிறது. பற்றவைக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். இத்தகைய ஒலிவாங்கியை அயல்நாட்டுக்கு அனுப்புவது 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதையாகும்.

கண்டென்சர் காப்ஸ்யூலின் நிலை அதுவன்று. பொன் பூசிய சவ்வில் தூசி தெரிகிறதே என்று பஞ்சால் துடைத்தால் பொன்னும் சேர்ந்து வந்துவிடும். அழுத்தக் காற்றால் ஊதினால் சவ்வு தளர்ந்துவிடும் அல்லது பின்தகட்டில் ஒட்டிக்கொள்ளும். திருகாணி ஒன்றைக் கழற்றி இறுக்கினாலே சவ்வின் இழுவிசை மாறக்கூடும். இழுவிசை மாறினால் குரல் மாறும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகள் இத்துறையில் ஏராளம். மெல்லிய அலுமினிய நாடாவைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்ட 'ரிப்பன்' வகை ஒலிவாங்கியோ இன்னும் மென்மையானது. நாம் மேடையில் ஊதும் அந்த 'ஃபூ' ஒன்றே அதன் நாடாவை இழுத்துத் தொய்யவைக்கப் போதும்.

மலிவான வேறொரு காப்ஸ்யூலை வாங்கிப் பொருத்தித் தரும் கடைகளும் உண்டு. ஓசை வரும், விலையும் குறையும். ஆனால் வெளியே பழைய பெயர், உள்ளே புதிய தொண்டை. இரண்டு ஒலிவாங்கிகளை இணையாக வைத்து ஸ்டீரியோ பதிவு செய்கிறவருக்கு இதன் துன்பம் உடனே புலப்படும். ஒன்று ஒரு குரலிலும் மற்றொன்று வேறு குரலிலும் பேசும். ஆகவேதான் இணையில் ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்து அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தொழிற்சாலையில் நடப்பது

ஒலிவாங்கி வந்து சேர்ந்ததும் முதலில் அதன் தொடர் எண்ணைக் குறிப்பார்கள். எந்த ஆண்டுச் சரக்கு, எந்த மின்சுற்று, எந்தக் காப்ஸ்யூல் என்பதை அறிய அந்த எண் உதவும். தோற்றத்தில் 1967ஆம் ஆண்டு யூ 87ஐயும் 1986ஆம் ஆண்டு வடிவத்தையும் பிரித்தறிவது எளிதன்று. உள்ளே மின்சுற்று வேறு. அதே ஒலிக்குப் பிந்தியது தரும் மின்னழுத்தம் அதிகம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு வைத்துப் பார்த்தால் நல்ல ஒலிவாங்கியும் பழுதாகத் தோன்றும். புகழ்பெற்ற ஒலிவாங்கிகளுக்குப் போலிகள் மிகுதி என்பதால், அனுப்பிய பிறகே தம் கையிலிருந்தது போலி என்று அறிந்தவர்களும் உண்டு.

அடுத்து, வந்த நிலையிலேயே சோதிப்பார்கள். எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது, தானாக எழுப்பும் இரைச்சல் எவ்வளவு, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எப்படி ஏற்கிறது என்பவை அளக்கப்படும். எதிரொலியே இல்லாத அறையில் இவ்வளவீடு நடைபெறும். அவ்வறையின் சுவர், தரை, கூரை யாவும் ஒலியை விழுங்கும் ஆப்பு வடிவப் பொருள்களால் மூடப்பட்டிருக்கும். பின்னர் செலவு மதிப்பீட்டை உரிமையாளருக்குத் தெரிவித்து, அவர் இசைவு தந்தபிறகே வேலையைத் தொடங்குவது முறை.

காப்ஸ்யூல் கெட்டிருந்தால் தூசியற்ற தூய அறையில் வேலை நடக்கும். சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி விழுந்தாலும் அது பாறை விழுந்ததற்குச் சமம். பெரும்பாலும் கெட்ட காப்ஸ்யூலைத் திருத்துவதைவிடப் புதியதை வைப்பதே வழக்கம். முடிந்ததும் மீண்டும் எதிரொலியற்ற அறையில் அளந்து, வரையறைக்குள் வந்ததா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். உள்ளூரில் பார்த்த பழுதுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடைசி அளவீட்டில் இருக்கிறது. திறமை மிக்க கைவினைஞர் நம்மூரிலும் இருப்பார். அளந்து காட்டும் அறை அவரிடம் இருப்பது அரிது.

செய்தவராலும் இயலாதபோது

அப்படியானால் தயாரிப்பாளரிடம் அனுப்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? ஆகாத இடங்களும் உண்டு. நாய்மனின் யூ 47 இதற்குச் சிறந்த சான்று.

1949இல் வெளிவந்த யூ 47, விஎஃப் 14 என்ற வெற்றிடக் குழாயைக் கொண்டு இயங்கியது. டெலிஃபங்கன் நிறுவனம் செய்த அக்குழாய்களை நாய்மன் நிறுவனம் ஒவ்வொன்றாகச் சோதித்து, இரைச்சல் குறைந்தவற்றை மட்டுமே தேர்ந்தெடுத்தது. டெலிஃபங்கன் அக்குழாயைச் செய்வதை நிறுத்திவிட்டது. கைவசம் இருந்த இருப்பும் கரையக் கரைய, 1965இல் யூ 47இன் உற்பத்தியும் நின்றது. ஏற்கெனவே விற்ற ஒலிவாங்கிகளைக் காப்பாற்ற, நூவிஸ்டர் என்ற சிறு உலோகக் குழாயை மாற்றாக நாய்மனே வழங்கியது. ஒலிவாங்கி வேலை செய்தது. ஆனால் பழைய குழாயின் குரலை விரும்பியோர் அதை ஏற்கவில்லை. பின்னாளில் விஎஃப் 14 குழாயைத் தேடிப் பிடித்து, பழையபடியே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

காப்ஸ்யூலிலும் இதே கதைதான். தொடக்கத்தில் யூ 47இல் இருந்த எம் 7 காப்ஸ்யூலின் சவ்வு பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது. காலப்போக்கில் பிவிசி இறுகி வெடிக்கும். ஆகவே நாய்மன் நிறுவனம் நீடித்துழைக்கும் பாலியெஸ்டர் சவ்வு கொண்ட கே 47 காப்ஸ்யூலுக்கு மாறியது. பழைய ஒலிவாங்கிக்குப் புதிய காப்ஸ்யூலை வைத்தால் அது நெடுங்காலம் வாழும். ஆனால் பழைய குரலே வரும் என்று கொள்ள முடியாது. இங்கே செப்பனிடுவோரைக் குறை கூற இடமில்லை. எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று உரிமையாளரே முன்கூட்டித் தீர்மானித்து எழுதியனுப்ப வேண்டும்.

செய்த ஆலையே இல்லாமற் போவதும் உண்டு. வியன்னாவில் 1947இல் தோன்றிய ஏகேஜி நிறுவனத்தின் அந்நகர ஆலை 2017இல் மூடப்பட்டது. அங்கே பணியாற்றியோர் சிலர் கூடி அதே ஆண்டில் ஆஸ்திரியன் ஆடியோ என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினர். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1970களில் ஒலிவாங்கி செய்வதைக் கைவிட்டது. அதன் ரிப்பன் ஒலிவாங்கிகளைக் கலிபோர்னியாவிலுள்ள ஏஇஏ நிறுவனம் செப்பனிட்டு வந்தது. பின்னர் அந்தப் பழைய வடிவத்திலேயே புதியனவும் செய்யலாயிற்று. ஆலை மூடினாலும் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் கருவி பிழைக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

அனுப்பும் முறை

முதலில் நிறுவனத்திற்கோ, அதன் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்திற்கோ எழுதி இசைவு பெற வேண்டும். முன்னறிவிப்பின்றிச் செல்லும் பொதி, யாருடையது என்று தெரியாமல் ஒரு மூலையில் கிடக்கும்.

கடிதத்தில் 'சரியாக இல்லை' என்று எழுதினால் பயனில்லை. எப்போது கரகரக்கிறது, மழைக்காலத்திலா, எல்லா நேரத்திலுமா, எந்தத் திசை அமைப்பில், எந்த மிக்சரில், கீழே விழுந்ததா என்பவற்றை எழுத வேண்டும். பழுதான ஒலியைப் பதிவுசெய்து அனுப்பினால் இன்னும் சிறப்பு. இதற்குமுன் வேறு எவரேனும் கைவைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் மறைக்கும் நோய் தீருமா?

வெற்றிடக் குழாய் ஒலிவாங்கியாயின் அதற்கே உரிய மின்வழங்கிப் பெட்டியையும் கேபிளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பழுது அவற்றிலும் இருக்கலாம். பழைய ஸ்பாஞ்ச் உறையை மாட்டி அனுப்பக் கூடாது. காலப்போக்கில் அது பொடியாக உதிர்ந்து சவ்வின்மேல் விழும். ஒலிவாங்கியை அதன் சொந்தப் பெட்டியில் வைத்து, அப்பெட்டியை மெத்தையிட்ட மற்றொரு பெட்டியில் வைத்துக் காப்பீடு செய்து அனுப்புக. உதிரி தெர்மாகோல் மணிகளை ஒலிவாங்கியின் மேலேயே கொட்டக் கூடாது. நிலைமின்சாரத்தால் அவை எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

நாட்டின் எல்லையைக் கடப்பதாயின் சுங்கமும் உண்டு. பழுதுபார்க்க அனுப்பித் திரும்பப் பெறும் பொருளுக்கு, முழு விலைக்கு அல்லாமல் பழுதுபார்ப்புச் செலவு, காப்பீடு, இருவழிப் போக்குவரத்துக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு மட்டும் வரி விதிக்கும் சலுகையை 2017ஆம் ஆண்டு இந்தியச் சுங்க அறிவிக்கை ஒன்று வகுத்துத் தந்தது. ஆனால் போன பொருளே திரும்பி வந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். அனுப்பும்போதே ஆவணங்களில் தொடர் எண்ணைக் குறிப்பிடாதவர், தம் சொந்தப் பொருளுக்கே மீண்டும் முழு வரி கட்ட நேரிடலாம்.

முடிவாக

இத்தனை தொல்லைகள் எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். விலை குறைந்த ஒலிவாங்கிக்கு அது சரியான கேள்வியே. ஆனால் நல்ல ஒலிவாங்கி ஒன்று, முறையாகச் செப்பனிட்டால், அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைக்கும். 1967இல் செய்த ஒலிவாங்கியில் இன்றும் பாடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒலிபெருக்கி கெட்டால் அன்றைய கூட்டம் மட்டுமே கெடும். பதிவு செய்யும் ஒலிவாங்கி மங்கினால் அதன்வழி சேர்த்து வைத்த குரல்கள் அனைத்தும் மங்கும். எண்பது வயது மூதாட்டி பாடும் தாலாட்டையோ, கடைசித் தலைமுறைக் கலைஞர் ஒருவரின் வாசிப்பையோ மங்கிய ஒலிவாங்கியில் பதிவு செய்துவிட்டால், பின்னர் அவரை அழைத்து மீண்டும் பாடச் சொல்ல முடியாது. ஒலிவாங்கியைச் செப்பனிடலாம், அது கேட்கத் தவறியதை எந்தத் தொழிற்சாலையும் மீட்டுத் தராது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மேடையில் ஒலிவாங்கியின் முன் நிற்கும்போது அதைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். சோதனைக்கு அது போதும். விழா முடிந்ததும் தூசி படாமல் உறையில் இட்டு வையுங்கள். எவ்வளவு சிறந்த தொழிற்சாலையாயினும், அங்கே அனுப்ப வேண்டிய நாளைத் தள்ளிப்போடுவது பயன்படுத்துவோர் கையில்தான் இருக்கிறது.